நீக்கம், அகற்றல், அழித்தல்: குற்றத்தீர்ப்பு பற்றிய மூன்று சட்டச்சொற்கள்

பழைய குற்றத்தீர்ப்பை எல்லோர்க்கும் பொதுவாகத் துடைத்தொழிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. கொல்கத்தாவிலும் சென்னையிலும் ஒருங்கே செல்லும் நடுவணரசுச் சட்டங்கள் சில பிரிவினர்க்கு மட்டுமே விலக்களிக்கின்றன. அவற்றின் வினைச்சொற்கள் காலந்தோறும் மாறியுள்ளன.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவர்க்குத் தீர்ப்பினால் விளையும் தகுதியிழப்பை நீக்கியது, தீர்ப்பை நீக்கவில்லை. இப்பிரிவு பழியைத் துடைக்காது, துறை நடவடிக்கையையும் தடுக்காது என 1990இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இளையோர் நிலை வேறு. 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் தீர்ப்பின் ஆவணங்களை ‘அகற்றுமாறு’ பணித்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ‘அழிக்குமாறு’ பணிக்கிறது. பதினாறு வயது நிறைந்து, கொடுங்குற்றத்திற்காகச் சிறார் நீதிமன்றத்தால் வயதுவந்தோர் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனக் காணப்பட்டவரின் ஆவணங்களுக்கு இவ்விதி பொருந்தாது.

இம்மூன்றையும் ‘நீக்கம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறையும். வேலை விண்ணப்பத்தில் ‘முன்பு தண்டனை பெற்றதுண்டா?’ என்னும் வினாவிற்கு ஒருவர் எழுதவேண்டிய விடை அவ்வேறுபாட்டையே சார்ந்துள்ளது. தகுதியிழப்பு மட்டும் நீங்கியவர், தீர்ப்பே இல்லையென நம்பி ‘இல்லை’ என எழுதினால், உண்மையை மறைத்தவராகக் கருதப்பட்டு வேலையை இழக்க நேரும்.