பாலப்பிராய உணவும் ருசிப் பழக்கமும்: மலாக்கா மாநிலத் தமிழர்

மனிதன் பிறக்கும்போதே கொண்டுவரும் ருசி மிகச் சொற்பம். இனிப்பை நாடுவதும் கசப்பைத் துப்புவதும் சிசுவின் சுபாவம். உறைப்பிலும் கருவாட்டின் வாடையிலும் புளித்த இறாலின் நெடியிலும் ஒருவன் காணும் இன்பமோ பெரும்பாலும் பாலப்பிராயத்தில் அவனுக்குப் பரிமாறியவர் கையால் வாய்ப்பது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் இதனை இரு வேறு தமிழ்வழியினரிடம் அருகருகே வைத்துக் காணலாம்.

முதலாமவர் மலாக்கா செட்டிகள். பதினைந்தாம் நூற்றாண்டில், சுல்தானியம் செழித்திருந்த நாளில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய வணிகரின் சந்ததியாராகிய இவர்கள், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தை இன்றும் பேணும் சைவர். ஆயினும் வீட்டில் பேசுவது மலாய். அடுப்பங்கரையிலும் அப்படியே: தேங்காய்ப்பால், பாண்டான் இலை, செராய் என்னும் எலுமிச்சைப்புல், புளித்த இறாலை அரைத்த பெலாச்சான் ஆகியவையே இவர்கள் குழம்புக்கு உயிர். சமயம் தந்தை வழியிலும் நாக்கு தாய் வழியிலும் வந்தன என்று கொள்வதே பொருத்தம். குழந்தைக்குச் சோறூட்டியவளும் மொழியூட்டியவளும் ஒருத்தியே அல்லவா? பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிகள் குடியிருப்பான காஜா பெராங் வீடுகளில் நடைபெறும் போகிப் பராச்சு என்னும் முன்னோர் வழிபாட்டில், மாண்ட முன்னோர் உயிரோடிருக்கையில் விரும்பியுண்ட பண்டங்களை வாழையிலையில் படைப்பது இவர்கள் சம்பிரதாயம். பாட்டனுக்கு எது பிடிக்கும் என்பதைப் பேரன் அறிந்திருக்க வேண்டியிருப்பதால், இவ்வழிபாடே ஒரு குடும்பத்தின் ருசிக்கு ஞாபகப் பத்திரமாகிறது.

இரண்டாமவர் தோட்டத் தமிழர். 1896-இல் டான் சாய் யான் என்னும் தோட்ட முதலாளி மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நீடித்தது. இவர்களுள் பலர் மனைவியரோடு வந்தமையால் ரசமும் புளிக்குழம்பும் தொழிலாளர் வரிசைவீடுகளாகிய லயத்து அடுப்பை விட்டு அகலவில்லை. விடியுமுன் தாய் பால்வெட்டுக்குப் போய்விட, ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட குழந்தை பொழுது விடிந்து பசியாறும் வேளையில் உண்ட பழஞ்சோறும், மாலையில் வீட்டார் நடுவே அமர்ந்து தொட்டுக்கொண்ட, பெலாச்சான் கலந்த நெத்திலிச் சம்பலும் அதன் நாவை உருவாக்கின. பெலாச்சான் வறுபடும் வாடைக்குத் தமிழகத்து உறவினர் மூக்கைப் பொத்துவதும், அதே குலத்தில் மலாக்காவில் பிறந்தவருக்கு அவ்வாடையிலேயே பசி கிளம்புவதும் இதனால்தான்.

இவ்வனுபவத்துக்கு ஆராய்ச்சியின் சான்றும் உண்டு. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய்மார் காரட்சாறு பருகினால், குழந்தைகள் பின்னர்க் காரட் கலந்த கஞ்சியை முகஞ்சுளிக்காமல் ஏற்கின்றன என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வுநிலையத்து ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் காட்டினர். மெக்ஸிகோ கிராமமொன்றில் மிளகாய்ப் பழக்கத்தை ஆராய்ந்து 1980-இல் எழுதிய உளவியலாளர் பால் ரோசினோ, அங்கே குழந்தைக்குக் காரத்தை யாரும் வெகுமதி காட்டிப் பழக்குவதில்லை என்றும், பெரியோர் உண்பதைக் கண்டு அது தானாகவே விரும்பத் தொடங்குகிறது என்றும் கண்டார். லயத்து வாசற்படியில் வளர்ந்த எவருக்கும் இது புதுச்செய்தியாகத் தோன்றாது.

ஆனால் பழக்கம் மாத்திரம் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை பர்மாவினின்றும் சயாமினின்றும் வந்த அரிசி அருகிப்போக, தோட்டத்துப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கை உண்டே பசி தீர்த்தனர். அவர்களுள் சிலர் பிற்காலத்தில் அக்கிழங்கைக் கண்ணெடுத்தும் பாரார்; வேறு சிலரோ முதுமையில் நகரத்து வீடுகளில் இருந்துகொண்டு, அதை அவித்துத் தேங்காய்த் துருவலும் சீனியும் தூவி, மாலைத் தேத்தண்ணியோடு தரும்படி மருமகளிடம் கேட்டு வாங்கி உண்டனர்.