தெற்கு வாசலில் மூட்டிய தீ

சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். பொன் வேய்ந்த சிற்றம்பலம். திரையை விலக்கினால் வெறும் வெளியும் அதன்மேல் தொங்கும் தங்க வில்வமாலையும், அதுதான் ரகசியம். ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம். வேறு ஊர்களில் உற்சவர்தான் வீதிக்கு வருவார், இங்கே ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தேரேறுவார். இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறவர்கள், நந்தனைப் பற்றிக் கேட்டால் மட்டும் 'அவரு தீயில எறங்கி ஜோதியில கலந்துட்டாரு' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். அந்தத் தீ யாருடைய ஏட்டில் முதலில் பற்றியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது. சாதி இல்லை, ஊர் இல்லை, தீயும் இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு பாடுகிறார். ஊர் ஆதனூர் என்கிறார். புலை நீங்கியது, தில்லை மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்கிறார். 'புலை' வந்துவிட்டது, ஆனால் தீ இன்னும் வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அமைச்சராக இருந்த சேக்கிழார் பெரியபுராணம் எழுதும்போதுதான் தெற்கு மதிலுக்கு வெளியே, வாசலுக்கு எதிரே குழி வெட்டி நெருப்பு வளர்க்கிறார்கள். சிவனே நந்தன் கனவிலும் அந்தணர் கனவிலும் வந்து உத்தரவு போடுகிறார். நந்தன் பூணூலும் சடைமுடியுமாக வெளியே வருகிறார். அந்தப் புராணம் அரங்கேறியதும் இதே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது சைவ மரபு. ஆக, அநாதி காலத்து ஐதீகம் என்று நம்மிடம் சொல்லப்படுகிற தீக்கு ஒரு வயசு இருக்கிறது.

சேக்கிழாரை அப்படியே தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. ஆதனூர்ச் சேரியை அவர் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவர்களிடம் கேட்டிருக்கிறார். கோழிக்குஞ்சுகள் சுற்றும் முற்றம், இரும்புக் காப்பு போட்ட கறுத்த சிறுவர்கள், அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடும் நாய்க்குட்டி, மருத நிழலில் தோலை விரித்துப் பிள்ளையை உறங்க வைத்திருக்கும் உழத்தி, மாமரக் கிளையில் தொங்கும் பறை. நம்ம சேரியை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த பழைய காவியம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. நந்தனின் தொழிலையும் விடாமல் எழுதுகிறார். கோயில் முரசுக்கும் மற்ற கொட்டுகளுக்கும் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. செத்த மாட்டிலிருந்து எடுத்த அத்தனையும் சந்நிதி வரைக்கும் போகிறது. அதை உரித்து, பதப்படுத்தி, முறுக்கிக் கொடுத்த கை மட்டும் மதிலுக்கு வெளியே நிற்கிறது. புனிதம் என்று அங்கே காதில் விழுகிற சத்தம் நம்ம ஆள் தோலை இழுத்துக் கட்டிய சத்தம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சேக்கிழார் கதையில் ஆண்டை கிடையாது. ஊருக்குச் செய்கிற வேலைக்கு மானியமாக விட்ட பறைத்துடவை நிலத்தில் நந்தன் சாப்பிடுகிறார். சேரி தனியே இருந்தது என்பதற்கு இலக்கியத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ராஜராஜன் பெருமை பேசுகிற மேடைகளில் இந்த வரிகளை யாரும் வாசிப்பதில்லை.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதி. அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் ஒருவரின் பண்ணையாளாகி, சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறார் நந்தன். நாற்பது வேலியை நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவகணங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துக் கொடுக்கின்றன. சோழர் கால வரலாறாக இது பொய். பாரதி வாழ்ந்த காலத்துத் தஞ்சாவூர்ப் பண்ணையின் சாட்சியமாக இது முழு உண்மை. காலட்சேபமும், 1935லும் 1942லும் வந்த சினிமாக்களும் பரப்பியது இந்த நந்தனைத்தான்.

அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் (1890–1959) நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். குழி வெட்டிய ஊரில் அந்தப் பெயருக்கு அடியில் சேரிப் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். 1947ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு தீயில்லாமல் உள்ளே போக முடிந்தது. ஆனால் நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்குப் பக்க வழியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு தீரவில்லை. அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி 2010இல் தீண்டாமைக்கு எதிரான தோழர்கள் போராடினார்கள்.

நம்ம பக்கத்துக் கிழவர்கள் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். 'கலந்துட்டாருன்னா என்னடா அர்த்தம்? எரிச்சிட்டாங்க.' இதற்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்பவர்கள் கேட்கட்டும். கல்வெட்டு வெட்டும் உளி யார் கையில் இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். நான் சேக்கிழாரையே திரும்பவும் வாசித்துப் பார்க்கிறேன். குளித்தெழுந்தது போலத் தீயிலிருந்து வந்த நந்தனோடு அந்தணர்களும் கூடவே போகிறார்கள். கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு அவர் விரைந்து உள்ளே நுழைகிறார். நடமாடும் எல்லையை அடைகிறார். அதற்குப் பிறகு அவரை யாருமே பார்க்கவில்லை என்று சேக்கிழாரே எழுதி வைத்திருக்கிறார்.