டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினியின் திரைப் பழுதுநீக்கம்

டிஆர்எஸ்-80 மாடல் 100 என்பது 1983 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேன்டி நிறுவனம் தனது ரேடியோ ஷேக் கடைகள் வழியாக விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்கக் கணினி ஆகும். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் இதனைத் தயாரித்தது. நான்கு ஏஏ மின்கலங்களில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கியதாலும், தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடம் உள்ளேயே இருந்ததாலும் செய்தியாளர்கள் இதனை விரும்பிப் பயன்படுத்தினர். இன்று எஞ்சியுள்ள கணினிகளில் அடிக்கடி பழுதுபடும் பகுதிகளுள் ஒன்று, எல்சிடி எனப்படும் இதன் நீர்மப் படிகத் திரை. இத்திரையின் கண்ணாடி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. எனவே காரணம் அறியாமல் திரையைப் பிரிப்பது, மாற்று இல்லாத ஒரு பொருளை இழப்பதில் முடியலாம். நல்வாய்ப்பாக, திரையில் எது மறைந்துள்ளது என்பதை உற்று நோக்கினாலே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

== திரையின் அமைப்பு ==

திரையில் கிடையாக 240, நெடுக்காக 64 புள்ளிகள் உள்ளன. ஓர் எழுத்துக்கு 6 × 8 புள்ளிகள் வீதம், வரிக்கு 40 எழுத்துகளாக 8 வரிகள் தெரியும். பின்னொளி கிடையாது.

புள்ளிகளின் நெடுவரிசைகளை இட்டாச்சி நிறுவனத்தின் எச்டி44102 வகைச் சில்லுகள் பத்து இயக்குகின்றன. மேல் பாதிக்கு ஐந்தும் கீழ்ப் பாதிக்கு ஐந்துமாக இவை பிரிந்துள்ளன. ஒரு சில்லு 50 நெடுவரிசைகளையும் 32 கிடைவரிசைகளையும் கவனிக்கிறது. வலது ஓரத்துச் சில்லுகளுக்கு மட்டும் 40 நெடுவரிசைகளே மிஞ்சுகின்றன. கிடைவரிசைகளுக்கு எச்டி44103 வகைச் சில்லுகள் இரண்டு உள்ளன.

சில்லுகள் உள்ள மின்சுற்றுப் பலகையுடன் கண்ணாடி பற்றவைக்கப்படவில்லை. மின்கடத்தும் ரப்பரும் கடத்தா ரப்பரும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி அமைந்த பட்டை ஒன்று இரண்டுக்கும் இடையே அழுத்தி வைக்கப்பட்டுள்ளது. இதன் கோடுகளைக் கொண்டு இதனை வரிக்குதிரைப் பட்டை என்பர். உலோகச் சட்டத்தின் அழுத்தமே இத்தொடர்பைக் காக்கிறது.

== பழுதை இனங்காணல் ==

திரை முழுவதும் வெறுமையாக இருந்தால் முதலில் பக்கவாட்டிலுள்ள மாறுபாட்டுத் திருகியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பயன் இல்லையெனில், கணினியை இயக்கி நுழைவு விசையை அழுத்தி, பீப் என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்து மீண்டும் நுழைவு விசையை அழுத்தலாம். தொடக்கப் பட்டியலில் சுட்டி பேசிக் மொழியின் மீதே நிற்பதால் இதற்குத் திரை தேவையில்லை. ஒலி எழுந்தால் செயலி, நினைவகம், விசைப்பலகை ஆகியன நலம். அந்நிலையில் திரைக்குச் செல்லும் எதிர் 5 வோல்ட்டு மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அது குறைந்தால் புள்ளிகள் கருமை அடையா. வழங்கியிலுள்ள மின்பகு மின்தேக்கிகள் கசிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கண்ணாடியைத் தொடவே வேண்டியதில்லை.

நான்கு வரி உயரத்துக்கு ஒரு கட்டம் மட்டும் மறைந்தால் அது ஒரு சில்லின் பழுது அல்லது அதற்கான இணைப்பின் பழுது. 50 என்பது 6 ஆல் மீதியின்றி வகுபடாது என்பதால் இக்கட்டத்தின் விளிம்பு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழக்கூடும். இடது ஓரக் கட்டம் மறைந்தால் ஒன்பதாம் எழுத்தின் முதல் இரு புள்ளி வரிசைகளும் உடன் மறையும். எழுத்துகள் முழுமுழுதாக மறைந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். எழுத்து அறுபட்டுத் தெரிந்தால் வன்பொருள்தான்.

ஒற்றைப் புள்ளி அகலத்தில், திரையின் பாதி உயரத்துக்கு ஒரு நெடுக்குக் கோடு மறைவது தொடர்புக் குறை. சட்டத்தின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது கோடு மீண்டால் ஐயமில்லை.

== சீரமைத்தல் ==

திறப்பதற்கு முன் கோப்புகளை வேறு கணினிக்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மின்கலங்களை அகற்றி, அடிப்புறத்திலுள்ள நினைவக மின்விசையையும் அணைத்தால் அவை அழிந்துவிடும். உள்ளே நினைவகத்தைக் காக்கும் நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்திருந்தால் அதை அப்போதே நீக்குவது நன்று.

தொடர்புக் குறைக்கு, சட்டத்தின் முறுக்கிய நாக்குகளை நேராக்கிக் கண்ணாடியை எடுத்து, பட்டையையும் பலகையின் செப்பு முனைகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்க வேண்டும். நாக்குகள் சிலமுறை திருப்பினாலே முறிந்துவிடும். ஆகவே துடைக்கும் வேலையை ஒரே முறையில் முடிப்பது சிறப்பு. சில்லுப் பழுதாயின், அதன் கால்களை மீண்டும் சூடேற்றிப் பற்றாசைப் புதுப்பித்துப் பார்த்த பின்னரே சில்லை மாற்ற முற்பட வேண்டும்.

கண்ணாடியைச் சோதிக்க நேர்மின்னோட்டத்தை நேரடியாகச் செலுத்துதல் கூடாது. நீர்மப் படிகம் மாறுதிசை மின்னழுத்தத்தில் இயங்குவது. நேர்மின்னோட்டம் மின்பகுப்பை உண்டாக்கி மின்வாய்களை அரிக்கும்.

பழைய திரைகளில் முனைவாக்கத் தாள் பழுப்பேறிக் காடி மணம் வீசுவதும் உண்டு. அத்தாளைக் காக்கும் செல்லுலோசு டிரைஅசெட்டேட்டு ஈரத்தால் சிதைந்து அசெட்டிக் அமிலம் வெளிப்படுவதே இதன் காரணம். தாளை உரித்துப் புதிது ஒட்டலாம். ஆனால் கண்ணாடி விரிந்து, மைக் கறை போல் கருமை பரவினால் நீர்மப் படிகம் வெளியேறிவிட்டது என்று பொருள். அதற்குச் சீரமைப்பு இல்லை.