பிரவுசர் இல்லாம போன ஃபார்ம்: சாக்கெட் வழியா எழுதின கடிதங்களின் கதை

ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்குறீங்க. பணம் கட்டியாச்சு. "உங்கள் ஆர்டர் உறுதியானது"ன்னு கடையோட பக்கம் சொல்லுது. ஆனா நீங்க பணம் கட்டினது வேற ஒரு கம்பெனியோட சர்வர்ல. பணம் வந்துடுச்சுன்னு கடைக்கு யார் சொன்னாங்க? சொன்னது உண்மைன்னு கடை எதை வச்சு நம்புச்சு?

2000-களின் தொடக்கத்தில் நிறைய சின்னக் கடைகள் இந்தக் கேள்விக்கு வச்சிருந்த பதில், ஒரு பக்கத்துக்குள்ள அடங்குற பிஎச்பி கோடு. ஒரு சர்வர், பிரவுசரே இல்லாம, இன்னொரு சர்வருக்கு ஒரு ஃபார்மை நிரப்பி அனுப்பும் கோடு. அது எப்படி வந்துச்சு, எங்கெல்லாம் சிக்கிச்சு, அதுக்குப் பிறகு வெப் எதையெல்லாம் நம்புறதை நிறுத்துச்சு. இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஃபார்ம்

1991-ல டிம் பெர்னர்ஸ்-லீ விவரிச்ச முதல் எச்டிடிபி ரொம்பச் சின்னது. "கெட்" என்ற ஒரு சொல், அதுக்குப் பக்கத்துல பக்கத்தோட முகவரி. மொத்தம் ஒரே வரி. சர்வர் பக்கத்தை அனுப்பிட்டு இணைப்பை மூடிடும். வாசகர் படிக்கலாம், அவ்வளவுதான். திருப்பி எழுத வழி கிடையாது.

1993-ல அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ மையம் மொசைக் பிரவுசரை வெளியிட்டது. நிரப்பக்கூடிய ஃபார்ம்கள் அதே வருஷம் அதுல வந்துச்சு. அந்த ஃபார்ம்ல எழுதினதை சர்வர்ல ஓடும் ஒரு புரோகிராமுக்குக் கொடுக்க சிஜிஐ என்ற ஏற்பாட்டையும் அதே மையம்தான் கொண்டு வந்தது. 1995 நவம்பர்ல எச்டிஎம்எல் 2.0 ஃபார்மை அதிகாரபூர்வமா வரையறுத்தது. 1996 மே மாசம் எச்டிடிபி 1.0 ஆவணம் வந்தது.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு மனுஷனை மனசுல வச்சு வரைஞ்சது. கட்டம் இருக்கும், பட்டன் இருக்கும், அதை அமுக்க ஒரு விரல் இருக்கும். ஆனா சர்வருக்கு அந்த விரல் தெரியாது. அது பார்க்குறது கம்பி வழியா வர்ற எழுத்துகளை மட்டும்தான்.

அந்த எழுத்துகளை யார் எழுதினா என்ன?

சாக்கெட்னா என்ன?

இதுக்கு வெப்பை விட பழைய ஒரு கருவி வேணும். 1983-ல பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோட சாக்கெட் வந்தது. ஃபோன் மாதிரின்னு வச்சுக்கோங்க. நம்பர் போடு, பேசு, கேளு, வை. எந்த மொழியில பேசணும்னு சாக்கெட் சொல்லாது. அதுக்கு வெப்னா என்னன்னே தெரியாது.

அப்போ ஒரு புரோகிராம் சாக்கெட்டைத் திறந்து, 80-ஆம் போர்ட்டைக் கூப்பிட்டு, பிரவுசர் பேசுற மொழியையே பேசினா சர்வர் பதில் சொல்லும். அந்தப் பேச்சு இப்படி இருக்கும்: முதல் வரியில் "போஸ்ட்", பாதை, எச்டிடிபி 1.0. அடுத்து, உள்ளே இருப்பது ஃபார்ம் தகவல்னு சொல்லும் வரி. அடுத்து "கன்டென்ட்-லெங்த்", அதாவது எத்தனை பைட் வரப்போகுதுன்னு ஒரு எண். அப்புறம் ஒரு வெற்று வரி. அதுக்குக் கீழே நிரப்பின தகவல்.

அந்த எண்தான் பலரைப் படுத்தின இடம். உதாரணத்துக்கு, ஃபார்ம்ல ஒரே கட்டம். பெயர் "சிட்டி", ஆங்கிலத்தில் நாலு எழுத்து. அதுல "மதுரை"ன்னு நிரப்புறோம். நம்ம கண்ணுக்கு ம, து, ரை என்று மூணு எழுத்து. யூனிகோட் கணக்கில் அது அஞ்சு குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 15. ஃபார்ம் விதிப்படி ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் ரெண்டு எழுத்துமா மாத்தணும், ஆக 45. "சிட்டி"யும் சமக் குறியும் சேர்த்தா 50. அந்த வரியில் 50-ன்னு எழுதணும். 40-ன்னு எழுதினா சர்வர் 40 பைட் வரைக்கும் படிச்சுட்டு ஊர் பேரை நடுவுல வெட்டிடும். 60-ன்னு எழுதினா, வராத 10 பைட்டுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். பிரவுசர் நமக்காக எவ்வளவு வேலை பார்க்குதுன்னு அப்போதான் புரியும்.

ஏன் கையால எழுதினாங்க?

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூன்ல பிஎச்பியோட முதல் வடிவத்தை வெளியிட்டார். தன் ஆன்லைன் பயோடேட்டாவை யார் பார்க்குறாங்கன்னு கணக்கு வைக்க எழுதின சின்னச் சின்னக் கருவிகள்தான் அதோட தொடக்கம். ஸீவ் சுராஸ்கியும் ஆண்டி குட்மன்ஸும் அடித்தளத்தைத் திருத்தி எழுத, 1998 ஜூன்ல பிஎச்பி 3 வந்தது. அதுல "எஃப்சாக்ஓப்பன்"னு ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு. சர்வர் பேரும் போர்ட் நம்பரும் கொடுத்தா இணைப்பைத் திறந்து கையில் கொடுக்கும். ஃபைலில் எழுதுற மாதிரி அதுல எழுதலாம், படிக்கலாம்.

அதே 1998 மார்ச்ல ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் "கர்ல்" கருவியை அந்தப் பேர்ல வெளியிட்டார். பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் சகுலா எழுதின ஒரு சின்ன புரோகிராம்ல இருந்து வளர்ந்தது அது. 2000-ல பிஎச்பிக்குள்ளயும் கர்ல் வந்துடுச்சு. கன்டென்ட்-லெங்த் கணக்கை அதுவே பார்த்துக்கும். அப்புறமும் ஏன் கையால எழுதணும்?

காரணம் வாடகை. அன்னைக்குச் சின்னக் கடைகளும் பிளாக் எழுதுறவங்களும் இருந்தது ஷேர்டு ஹோஸ்டிங்ல. ஒரே மெஷின்ல பல பேர். கர்ல் தனியா சேர்க்க வேண்டிய எக்ஸ்டென்ஷன். ஹோஸ்டிங் கம்பெனி போட்டிருந்தா உண்டு, இல்லைன்னா இல்லை. எஃப்சாக்ஓப்பன் பிஎச்பியோட கூடவே வரும். தெரியாதவங்க மெஷின்லயும் ஓடணும்னு நினைச்சு எழுதினவங்களுக்கு அதுதான் கைக்கு எட்டின கருவி. 2002-ல சிக்ஸ் அபார்ட் கொண்டு வந்த ட்ராக்பேக், அதாவது ஒரு பிளாக் இன்னொரு பிளாக்குக்கு "உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்"னு தகவல் சொல்றது, உள்ளுக்குள்ள ஒரு ஃபார்ம் போஸ்ட்தான். 2008 டிசம்பர்ல வேர்ட்பிரஸ் 2.7 வந்தபோது, கர்ல், சாக்கெட்னு பல வழிகளை வச்சுக்கிட்டு, எது அந்த சர்வர்ல இருக்கோ அதைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒரு பொது ஏற்பாட்டைச் சேர்த்தாங்க.

பணம் உள்ளே வந்தபோது

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பேபால் ஐபிஎன் என்ற முறையில், பணம் கட்டினதும் பேபால் சர்வர் கடையோட சர்வருக்கு ஒரு ஃபார்ம் போஸ்ட் அனுப்பும். தொகை இவ்வளவு, வாங்கினவர் இவர், நிலை "முடிந்தது". பிரச்சினை என்னன்னா, அந்த முகவரி தெரிஞ்ச யார் வேணும்னாலும் அதே எழுத்துகளை அனுப்பலாம். ஒரு ரூபாய்கூட கட்டாம "முடிந்தது"ன்னு எழுதி அனுப்பினா, கடை பொருளைக் கொடுத்துடும்.

பேபால் வச்ச தீர்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. வந்த ஃபார்மை அப்படியே, கூட "சரிபார்"னு ஒரு கட்டத்தைச் சேர்த்து, கடையே பேபாலுக்குத் திருப்பி போஸ்ட் பண்ணணும். பேபால் "சரிபார்க்கப்பட்டது" அல்லது "செல்லாது"ன்னு ஒரே சொல்லில் பதில் சொல்லும். அதாவது, வந்த ஃபோனை நம்பாதே, நீயே திருப்பிக் கூப்பிட்டுக் கேளு. அந்தத் திரும்பக் கூப்பிடுறதை பேபாலின் பிஎச்பி மாதிரி கோடு எஃப்சாக்ஓப்பன்லதான் செஞ்சது. காப்பி, பேஸ்ட் ஆகி அது எங்கெங்கேயோ போய்ச் சேர்ந்தது.

அதுலயும் ஓட்டை இருந்துச்சு. "சரிபார்க்கப்பட்டது"ன்னா, அந்தத் தகவலை பேபால்தான் அனுப்புச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். பணம் உங்க கணக்குக்கு வந்துச்சா, முழுத் தொகையா, இதே பரிவர்த்தனை எண் முன்னாடியே வந்துச்சா என்பதையெல்லாம் கடைதான் பார்க்கணும். அதைப் பார்க்காத கடையில ஆயிரம் ரூபாய் பொருளுக்கு ஒரு ரூபாய் கட்டி வாங்கிடலாம்.

இன்னொரு ஓட்டை இன்னும் ஆழம். பிஎச்பி 4.3-ல இருந்து சாக்கெட்டை எஸ்எஸ்எல் வழியா திறக்க முடிஞ்சது. பேச்சு ரகசியமாச்சு. ஆனா எதிர்முனையில் எடுத்தது உண்மையிலேயே பேபால்தானான்னு சான்றிதழைச் சரிபார்க்கிற வேலை, 2014-ல பிஎச்பி 5.6 வர்ற வரைக்கும் தானா நடக்காது. கேட்டு வாங்கினாத்தான் நடக்கும். யார்கிட்டன்னு தெரியாமலே ரகசியம் பேசின மாதிரி.

1.0-ல இருந்து 1.1-க்கு

2013-ல பேபால், இனி எச்டிடிபி 1.1 வேணும், "ஹோஸ்ட்" வரி கட்டாயம்னு சொல்லிடுச்சு. முதல் வரியில் ஒரு எண்ணை மாத்தி, ஒரு வரி சேர்த்தா போதும்னு தோணும். போதாது. 1.1-ல சர்வர் இணைப்பை மூடாம அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே வைக்கலாம். பதில் முடியற வரைக்கும் படிக்கிற பழைய கோடு, முடிவே வராம தொங்கும். "இணைப்பை மூடு"ன்னு தனியா ஒரு வரி கேட்கணும். பதிலைத் துண்டு துண்டா அனுப்பவும் 1.1 அனுமதிக்குது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி அதோட அளவு பதினாறடிமான எண்ணில் வரும். கையால படிக்கிற கோடுக்கு அதுவும் பதிலோட பகுதியாத் தெரியும். எதிர்பார்த்த சொல்லோட ஒரு வரிமுறிவு ஒட்டிக்கிட்டு வந்தாலே ஒப்பீடு தோத்துடும். பணம் வந்திருக்கும், ஆர்டர் நகராது.

கை தெரியாத கடிதம்

இந்தச் சுலபம் ஆரம்பத்திலேயே இன்னொரு பக்கத்தையும் காட்டிடுச்சு. 1997-ல அல்டாவிஸ்டா தேடுபொறியோட "உங்கள் தளத்தைச் சேருங்கள்" ஃபார்மை மெஷின்கள் நிரப்பித் தள்ளின. அதைத் தடுக்க, கோணலா வரைஞ்ச எழுத்துகளைப் படிச்சு டைப் பண்ணச் சொன்னாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற கேப்ட்சாவோட முன்னோடிகள்ல அதுவும் ஒண்ணு. 2005-ல வாட்ச்ஃபயர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ரெண்டு சர்வர்கள் ஒரே கோரிக்கையின் நீளத்தை வேறவேற மாதிரி புரிஞ்சுக்கிட்டா, நடுவுல இன்னொரு கோரிக்கையை ஒளிச்சு அனுப்பலாம்னு காட்டினாங்க. அதே கன்டென்ட்-லெங்த், இந்த முறை வேணும்னே தப்பா.

இந்த வரலாறு முழுக்க எனக்குத் தெரியுறது ஒரு விஷயம்தான். ஃபார்ம் ஒரு மனுஷனை மனசுல வச்சு வரைஞ்சது, ஆனா சர்வர் கைக்கு வர்றது எழுத்து மட்டும். அதனாலதான் காசு இல்லாத கடைக்காரரும் ஒரு பெரிய கம்பெனி சர்வரோட நேரடியா பேச முடிஞ்சது. அதனாலதான் பொய்க் கடிதமும் அதே வழியில வந்தது. இன்னைக்குப் பணம் கட்டும் சேவைகள் பல, அனுப்புற தகவலோட ரகசியச் சாவியால செஞ்ச ஒரு கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புது. கேள்வி மாறலை: இதை எழுதினது யார்?

பேக்எண்ட் கத்துக்கிறவங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க லேப்டாப்லயே ஒரு சர்வரை ஓடவிட்டு, சாக்கெட் திறந்து, ஒரு போஸ்டைக் கையால எழுதி அனுப்புங்க. நீளத்தை ஒரு தடவை வேணும்னே தப்பாப் போட்டுப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல குக்கியோட கதை.