வாரியம்: ஏரியூர் தந்த சொல்

மின்வாரியம், வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று நாள்தோறும் புழங்கும் சொல்லுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். அதன் பழைய பொருளைத் தெளிவாகக் காட்டும் ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். பல்லவர் காலச் சதுர்வேதிமங்கலமான (பிராமணர் ஊரான) அங்கே, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன.

ஊர்ச்சபை ஒரு பொறுப்பை ஒப்படைத்த குழுவே அன்று வாரியம். உறுப்பினர்கள் வாரியப் பெருமக்கள். ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். குடும்புக்கு ஒருவராக எடுத்த 30 பேரில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள்.

தேர்வு குடவோலையால். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்க வழியில்லை.

குடத்தில் பெயர் இடம்பெற, கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும். ஆகவே வயலில் உழைத்த பெரும்பாலோரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போனதே இல்லை. இதை மறைத்துவிட்டுக் குடவோலையை மக்களாட்சி என்று கொண்டாடுவது சரியாகாது. ஆனால் ஒரு விதி நம் காலத்துக்கும் பொருந்தும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அதற்குள் வர முடியாது, அவருடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள் உள்ளிட்ட நெருங்கிய உறவினருக்கும் தடை.

ஏரி வாரியத்தார் காத்த ஏரி வயிரமேகத் தடாகம். அதில் தூர் வாரப் பொன் கொடுத்தவர்களைக் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. நெல் விளையும் ஊரில் ஏரிக்குத் தனி வாரியம் இருந்ததில் வியப்பில்லை.

அந்தச் சொல் நம் காலத்தில் புது வேலைக்கு வந்தது. 1957இல் தமிழ்நாட்டில் மின்சார வாரியம் அமைந்தது. பிறகு வேறு வாரியங்களும் வந்தன. ஆட்களைக் குறித்த சொல் அலுவலகத்தின் பெயராயிற்று.

உத்திரமேரூர் போகிறவர்கள் சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று அடுக்குக் கருவறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கல்வெட்டுச் சுவரையும் ஏரியையும் சேர்த்துப் பாருங்கள். வாரியம் என்ற பெயரைத் தாங்கும் ஒவ்வோர் அமைப்பும் கணக்குக் காட்டும் கடமையையும் தாங்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.