பீட்டில்ஸ் ஒதுங்கி நின்ற பீட்டில்ஸ் படம்

1968 யூலை 17ஆம் திகதி லண்டன் பவிலியன் திரையரங்கில் ‘யெலோ சப்மரின்’ முதன்முதலாகக் காட்டப்பட்டது. றொக் பாட்டுகளை வைத்துக் கட்டிய காட்டூன் படங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் இதிலயிருந்துதான் தொடங்குவம். ஆனால் இது பீட்டில்ஸ் ஆசைப்பட்டுச் செய்த படம் இல்லை.

யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு மூன்று படம் தருவதாக அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. 1964இலும் 1965இலும் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதில் நடிக்க மனமில்லை. காட்டூன் என்றால் தாங்கள் மினக்கெடத் தேவையில்லை என்று நினைத்தார்கள். அதிலும் தயக்கம். இதே தயாரிப்பாளர் அல் புரொடக்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் செய்த பீட்டில்ஸ் காட்டூன் தொடர் அவர்களுக்குப் பிடித்திருக்கவில்லை. ஆகவே படத்தில் நால்வருக்கும் குரல் கொடுத்தது வேறு நடிகர்கள். அதுவரை வெளிவராத நான்கு பாட்டுகளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஜோர்ஜ் ஹரிசன் எழுதி, முந்தின வருச இசைத்தட்டில் இடம் கிடைக்காமல் கிடந்தது. கடைசியில் சில நிமிசம் நேரில் வந்து முகம் காட்டினார்கள். அவ்வளவுதான்.

அந்த அக்கறையின்மைதான் படத்தைக் காப்பாற்றியது என்பது எங்கள் எண்ணம். இயக்குநர் ஜோர்ஜ் டனிங்கும் ஜேர்மன் வரைகலைஞர் ஹைன்ஸ் எடெல்மானும் தோளுக்கு மேலால் ஆரும் எட்டிப் பார்க்காமல் வேலை செய்தார்கள். முதல் வருசம்தான் டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’ வந்திருந்தது. அதில் வருகிற நான்கு கழுகுகளும் பீட்டில்ஸ் மாதிரி முடியோடு லிவர்பூல் பேச்சுப் பேசும்! டிஸ்னியின் உருண்டை முகம், நிசம் போன்ற அசைவு எதையும் எடெல்மான் எடுக்கவில்லை. தட்டையான உருவங்கள், பெரிய சப்பாத்துகள், கண்ணைக் குத்தும் நிறங்கள். ஒரே பாணியை ஒன்றரை மணித்தியாலம் பார்த்தால் சனத்துக்கு அலுக்கும் என்று, படத்தைச் சிறு படங்களின் கோர்வையாக யோசித்தார்கள். பாட்டுக்குப் பாட்டு வரைகிற முறையே மாறும்.

‘எலினோர் ரிக்பி’ வருகிற இடத்தை நாங்கள் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்தம். லிவர்பூல் புகைப்படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கூரைகள், யன்னல்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு சின்ன அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காமல். அதுக்குள்ளால மஞ்சள் நீர்மூழ்கி போகுது. கொண்டாட்டப் படம் என்று நினைத்து வந்தவர்களை முதலில் உட்காரவைத்து இதைக் காட்டுகிறார்கள். தனிமையை வெறும் கத்தரிக்கோலால் இப்படிக் காட்டலாம் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ‘லூசி’ பாட்டில் அப்படியே எதிர்மாறு: பழைய நடனக் காட்சிகளுக்கு மேல் தூரிகையால் தடவி, கோட்டுக்கு வெளியே நிறம் வழிகிறது.

போதையில் வரைந்த படம் என்று இன்றைக்கும் சொல்லுவினம். எடெல்மான் அந்தப் போதைப்பொருள் பக்கமே போகாத மனுசன். அமெரிக்காவில் பலர் அவருடைய பெயரையும் பறித்து, இது பீற்றர் மக்ஸ் வரைந்தது என்று நம்பினார்கள்.

வேலை செய்தவர்கள் சுமார் 200 பேர், காலம் ஏறக்குறைய 11 மாதம். முழுநீளக் காட்டூனுக்கு இது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் கையால் நிறம் தீட்டவேண்டும். ஆள் காணாமல், லண்டன் ஓவியக் கல்லூரி மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்து இரவிரவாக வேலை வாங்கினார்கள். எங்கட வயசுப் பெடியள், பெட்டையள். இந்தப் படத்தை ‘பீட்டில்ஸ் படம்’ என்று சொல்லும்போது எங்களுக்கு உறுத்துவது அங்கேதான்.

கதை மெலிசு, மறைக்கத் தேவையில்லை. இசையை வெறுக்கும் நீல நிறத்தவர் பெப்பர்லாண்டைப் பிடித்து எல்லாரையும் அசைவில்லாமல் ஆக்குகிறார்கள். பாட்டு அவர்களை மீட்கிறது. நடுவில் கடல் கடலாகப் போவது கொஞ்சம் இழுவை. சிலேடைகள் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஓட்டைகளின் கடலில் ரிங்கோ ஒரு ஓட்டையை எடுத்துப் பொக்கற்றுக்குள் போடுவதும், அது பிறகு உதவுவதும் நல்ல பகிடி. முடிவில் நீலத் தலைவரைக் கொல்லாமல் தங்களோடு சேரச் சொல்லுகிறார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருசம் அது.

பார்க்கிறதென்றால் 1999க்குப் பிறகு வந்த பிரதியைத் தேடுங்கோ. அமெரிக்கப் பிரதியில் வெட்டிப்போட்ட ‘ஹே புல்டோக்’ பாட்டு அதில் திரும்பச் சேர்ந்திருக்கு. அதில் வருகிற பல தலை நாயைத் தவறவிடக் கூடாது.