பத்து வட்டி

10,000 ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. முன்கூட்டியே 1,500-ஐப் பிடித்துக்கொண்டுதான் பணத்தை எண்ணுவார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள். “நூற்றுக்குப் பதினைந்துதானே, பரவாயில்லை” என்று வாங்குகிறவருக்குத் தோன்றும். ஆனால் அசலும் அன்றாடம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. 50 நாள் ஆனதும் ஏறக்குறையப் பாதிக் கடன் தீர்ந்துவிடும். வட்டியோ முழுத் தொகைக்கும் முழு 100 நாளுக்கும் முதலிலேயே எடுத்தாகிவிட்டது. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காடு வருகிறது. ஊர்ப் பேச்சில் சொன்னால் மாதம் நூற்றுக்குப் பத்து, அதாவது பத்து வட்டி. பத்து வட்டி என்றால் பதறிப்போகிறவர்கள் தண்டல் என்றால் பதறுவதில்லை.

பிறகு ஏன் தண்டல் வாங்குகிறார்கள்? சங்கரன்கோவிலைப் பாருங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோமதி அம்மனும் ஆடித்தபசும் புற்றுமண்ணும் நினைவுக்கு வரும். ஊருக்குச் சோறு போடுவது விசைத்தறி. சேலைக்கு இவ்வளவு என்று கூலி; வாரக் கடைசியில் கணக்கு. ஒரு பாவு ஓடி முடிந்து அடுத்த பாவு ஏறும்வரை கூலி கிடையாது. நூல் விலை ஏறினாலோ சரக்குத் தேங்கினாலோ தறி நிற்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மட்டும் நிற்காமல் திறந்துவிடும். தறிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அடகு வைத்த நகையை மீட்கவே வழி இல்லாதபோது புதிதாக வைக்க நகைக்கு எங்கே போவது? வங்கி மேலாளர் கையை விரிப்பார். தண்டல்காரரிடம் அந்தப் பேச்சே இல்லை. அன்றே பணம்.

இந்த வட்டி ஏன் என்று கேட்டால் கொடுக்கிறவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: “பத்துப் பேருக்குக் கொடுத்தால் ரெண்டு பேர் ஓடிப்போவான். அந்த நட்டத்துக்குத்தான் வட்டி.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வராக்கடன் பயத்துக்கு வட்டி என்றால், பணம் வராமல் போகும்போது நட்டம் உண்மையிலேயே யார் தலையில் விழுந்தது? இந்த வாரம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சென்ற வாரம் பர்மாவில் நிறுத்தியிருந்தோம். 1930 வாக்கில், வட்டித் தொழில் செய்த நகரத்தார் அங்கே போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஈடு, நெல் வயல். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலம், 1938-க்குள் 25 விழுக்காடானது. கேட்டு வாங்கிய நிலம் அல்ல அது. பணமாகத் திரும்பாத கடன். அதற்காகப் பகை சம்பாதித்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே நட்டம் கொடுத்தவரையும் விடவில்லை, வாங்கியவரையும் விடவில்லை.

இங்கே சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நட்டத்தைக் கொடுத்தவர் தலையில் சட்டமே தூக்கிவைத்த காலம் இது. துணிச்சலான சட்டம் என்றே சொல்வேன். ஆனால் பெயரிலேயே இருக்கிறது, விவசாயிகளுக்கான சட்டம். தறிக்காரரும் தெருவியாபாரியும் அந்த வரம்புக்குள் வரவில்லை. 1943-ல் அடகுக்கடைச் சட்டமும் 1957-ல் லேவாதேவிக்காரர் சட்டமும் வந்தன. உரிமம் எடுத்தவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டார். பையில் நோட்டுப் புத்தகத்தோடு சைக்கிளில் வந்தவரை அவை தொடவில்லை.

நிலமும் நகையும் இல்லாதவரிடம் எதை ஈடாகப் பிடிப்பது? வெற்றுத்தாளில் கையெழுத்து, தொகை எழுதாத புரோநோட்டு, காசோலை, குடும்ப அட்டை, சம்பளம் விழும் வங்கி அட்டை. இவற்றைவிடப் பெரிய ஈடு மானம். வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டால் போதும், அண்டாவை விற்றாவது கட்டிவிடுவார்கள். எனவே பத்தில் இரண்டு பேர் ஓடிப்போவான் என்ற கணக்கு, வட்டி வாங்கும்போது மட்டும்தான் பேசப்பட்டது. வசூலிக்கும்போது ஒருவரையும் ஓட விடவில்லை.

2003 மே மாதம் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். கடன் தொல்லைதான் காரணம் என்று பேசப்பட்டது. அதே ஆண்டு ஜெயலலிதா அரசு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசிதழ் மொழியில் தெருப் பேச்சு நுழைந்த அபூர்வமான சட்டம் அது. நாள் வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மூன்றாண்டுச் சிறை வரை தண்டனை.

14 ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். இன்றைய தென்காசி மாவட்டத்தின் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கே தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். வாங்கியது 1.45 லட்சம், கட்டியது 2.34 லட்சம், இன்னும் கேட்கிறார்கள் என்பது புகார். அதற்கு முன்பே பலமுறை மனுக் கொடுத்திருந்தார். அரசு செய்த மாற்றங்களில் கண்ணுக்குத் தெரிந்தது, அலுவலக வாசலில் மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று பையைச் சோதிக்கும் காவலர்கள்.

நட்டத்தை அடுத்தவர் தலையில் தள்ளுவது இங்கே மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவிலும் கடன் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு வீட்டுக் கடன் அள்ளிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டு வட்டி குறைவு, பிறகு எகிறும். கொடுத்த நிறுவனம் அந்தக் கடன்களை மூட்டை கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டு நட்டத்திலிருந்து நழுவியது. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தபோது அந்த மூட்டைகள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்திருந்தன. தண்டல்காரருக்கு மூட்டை கட்டத் தெரியாது. நட்டத்தை அவர் கடனாளியின் வீட்டு வாசலிலேயே இறக்கிவைத்தார்.

இப்போது ஊருக்குள் சிபில் என்ற சொல் புழங்குகிறது. கடனைக் கட்டும் ஒழுங்குக்கு 300-லிருந்து 900 வரை மதிப்பெண். குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதைப் பார்த்துத்தான் கொடுக்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் மொத்தத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் தண்டல் எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை. செவ்வாய்க்கிழமை குழுத் தவணைக்குத் திங்கட்கிழமை தண்டல் எடுத்துக் கட்டினால், கணினியில் அவர் தவணை தவறாத நல்ல கடனாளி. மதிப்பெண் ஏறும். அடுத்த கடனுக்கு அழைப்பு வரும். இதே ஓட்டம் ஒரு மாநிலத்தையே 2010-ல் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு ஆந்திரத்துக்குப் போக வேண்டும், அடுத்த வாரம்.